ரஸ்ஸல் பிரபு

அணுகுண்டின் அபாயத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் குண்டுகளின் தொகையைப் பற்றியும், வல்லரசுகளின் உடன்படிக்கைகளைப் பற்றியுமே பேசுகின்றனர். அவை அவசியமே. ஆயினும், குண்டைச் செய்யச் சொல்வதும், அதைப் பிறர்மீது எறியத் துணிவதும் மனித மனமே என்பது பலருக்கு மறந்து போகிறது. அந்த மனத்தை மாற்றுதல் கூடுமா என்று சந்தேகிப்போர், காலஞ்சென்ற பெர்ட்ரண்டு ரஸ்ஸல் பிரபுவின் சரித்திரத்தை ஆராய்ந்து பார்ப்பது நலம். உலகத்தாரின் சிந்தனையைத் திருப்ப முற்பட்ட அப்பெரியார், அதற்கு முன்னர்த் தம் சிந்தனையையே திருப்பிக்கொள்ள நேர்ந்தது. அக்காரணம் பற்றியே அவருடைய வாழ்க்கை நமக்கு விசேஷப் பயன் தருவதென்று கருதுகிறோம்.

ரஸ்ஸல் 1872-ம் வருஷம் மே மாதம் 18-ந் தேதி வேல்ஸ் நாட்டில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ரஸ்ஸல் பிரபு இருமுறை இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக இருந்தவர். நான்கு வயது நிரம்புமுன் தாயையும் தந்தையையும் இழந்த குழந்தையைப் பாட்டியார் வளர்த்தார். கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கலாசாலையில் கணிதமும் தத்துவமும் பயின்ற ரஸ்ஸல், பேராசிரியர் ஒயிட்ஹெட்டுடன் கூடிப் பல வருஷம் உழைத்து, கணித சாஸ்திரத்தைத் தர்க்கத்தின்மீது நிலைநாட்ட முயன்ற பெருநூலொன்றை 1910 முதல் 1913 வரையில் மூன்று பாகங்களாக வெளியிட்டார். அவ்வளவில் நின்றிருந்தாலும் அறிஞருலகில் அவர் பெயர் அழியாதிருக்கும்.

அவர் அவ்வளவில் நிற்கவில்லை. 1914-ல் மூண்ட மகாயுத்தத்தை அவர் எதிர்த்தார். கட்டாய ராணுவ சேவைக்கு இணங்க மறுத்த ஒருவர் பெற்ற தண்டனையைக் கண்டித்துத் துண்டுப் பிரசுரம் எழுதியதற்காக 1916-ல் அவருக்கு 100 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. டிரினிட்டி கலாசாலையும் அவரை உத்தியோகத்தினின்று நீக்கியது. 1918-ல் பத்திரிகைக் கட்டுரையொன்றிற்காக ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றுப் பிரிக்ஸ்டன் சிறையில் அடைக்கப்பட்டார். சிறைக்குள்ளேயே கணித தத்துவத்தைப் பற்றி ஒரு நூல் எழுதி முடித்தார். சிறைக்கூடத்தைக் கல்விச் சாலையாக்கிக் கொண்ட நம் தேசத் தலைவர்களை அறிந்த வாசகர்களுக்கு இது வியப்பளிக்க மாட்டாது. 1930-ம் வருஷத்தை ஒட்டிய பத்தாண்டில், லண்டனில் கிருஷ்ண மேனன் நடத்திய இந்தியா லீகின் தலைமையை ஏற்று, நமது விடுதலைக்காக வாதாடியவரும் அவரே.

எனினும் எல்லா யுத்தங்களையும் ஒருங்கே வெறுத்தவராக ரஸ்ஸலைச் சித்திரித்தல் தவறாகும். ஹிட்லரை எதிர்த்த இரண்டாவது யுத்தத்தை அவர் ஆதரித்தார். 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்த சில மாதங்களுக்குள், நவம்பர் 28-ந் தேதி பிரபுக்கள் சபையில் பேசி, ஹைட்ரஜனைக் கொண்டு இன்னும் பன்மடங்கு கொடிய குண்டு செய்யப்படலாகும் என்று எச்சரித்தார். ஆனால், அபாயத்தை அவ்வளவு தெளிவாகக் கண்டவர், பரிகாரத்தை எங்கே தேடினார்? குண்டு அமெரிக்காவிடம் மட்டும் இருந்த அந்நாட்களில், சர்வதேசக் கண்காணிப்பிற்கு இணங்குமாறு ரஷ்யாவை நிர்ப்பந்திக்க வேண்டும், அவசியமானால் யுத்தம் தொடுப்பதாகவும் பயமுறுத்த வேண்டும் என்று 1946 முதல் 1948 வரையில் அவர் எழுதியும் பேசியும் வந்தார். அவருடைய அன்பர்கள் இதை மறைத்துவிட விரும்புவர். அவரும் 1953-ல் இவ்வாறு தாம் கூறியதில்லை என்று மறுத்தார். பின்னர் 1959-ல் டெலிவிஷன் பேட்டியொன்றில் உண்மையை ஒப்புக்கொண்டார். நல்லவர் கையில் குண்டு இருந்தால் உலகம் பிழைக்கும் என்ற எண்ணம் எத்தகைய கூரிய அறிவையும் மயக்கவல்லது என்பதற்கு இதனினும் வேறு சாட்சி வேண்டுவதில்லை.

1949 ஆகஸ்டு 29-ந் தேதி ரஷ்யாவும் குண்டை வெடித்தது. 1954 மார்ச்சு 1-ந் தேதி பசிபிக் சமுத்திரத்தில் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டு, ஹிரோஷிமாக் குண்டைப் போலச் சுமார் ஆயிரம் மடங்கு வலிமையுள்ளதாயிருந்தது. அபாய எல்லையென்று குறிக்கப்பட்ட கடற்பரப்பிற்கு வெளியே மீன்பிடித்துக் கொண்டிருந்த ஜப்பானியப் படகொன்றின்மீது விஷச்சாம்பல் பொழிந்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். செப்டம்பரில் ஒருவர் மாண்டார். காற்றுக்கு எல்லை வகுக்க எந்த ராணுவத்தாலும் இயலாதென்பது உலகிற்குப் புலனாயிற்று. அவ்வருஷம் டிசம்பர் 23-ந் தேதி ரஸ்ஸல் பிரிட்டிஷ் ரேடியோவில் பேசினார். இந்த யுத்தத்தில் எந்தக் கட்சி வெல்லும் என்று கேட்பதை விட்டு, இரு கட்சியும் அழியாதிருப்பதற்கு வழியென்ன என்று கேட்கும்படி அவர் வேண்டினார். கேள்வி மாறியது, அதுவே அவர் கண்ட சிந்தனை மாற்றம்.

பேசிவிட்டு ஓய்ந்தாரில்லை. இரு முகாம்களிலுமுள்ள விஞ்ஞானிகளை ஒரே காகிதத்தில் கையொப்பமிடச் செய்தாலன்றி உலகம் செவி சாய்க்காதென்று உணர்ந்து, ஐன்ஸ்டைனுக்கு எழுதினார். 1955 ஏப்ரல் 18-ந் தேதி ஐன்ஸ்டைன் காலமானார். ரோமிலிருந்து பாரிஸுக்கு ஆகாய விமானத்தில் சென்றுகொண்டிருந்த ரஸ்ஸல் வழியிலேயே அத்துக்கச் செய்தியைக் கேட்டார். தம் முயற்சி பாழாயிற்றென்று கலங்கிப் பாரிஸில் இறங்கியவருக்கு, ஐன்ஸ்டைனின் சம்மதக் கடிதம் ஹோட்டலில் காத்திருந்தது. ஜூலை 9-ந் தேதி லண்டனில் அப்பிரகடனம் வெளியாயிற்று. அதில் ஒப்பமிட்டோர் பதினொருவர். பிரெஞ்சுக் கம்யூனிஸ்டான ஜோலியோ கியூரி, போலந்தின் இன்பெல்டு, அமெரிக்கரான பாலிங், ஜப்பானியரான யுகாவா ஆகியோர் அவர்களில் சிலர். தேசத்தையும் கொள்கையையும் ஒரு கணம் ஒதுக்கிவைத்து, மனிதர் என்ற ஒரே தகுதியில் பேசினர் அவர்கள்.

அப்பிரகடனம் கோரிய விஞ்ஞானிகள் மகாநாட்டைப் புது டில்லியில் கூட்டுவதற்கு ஜவாஹர்லால் நேரு முன்வந்தார் என்பது நாம் நினைவில் வைக்கத் தக்கது. 1956-ல் மூண்ட சூயஸ் சண்டை அதற்குத் தடையாயிற்று. 1957 ஜூலையில் கனடாவில் பக்வாஷ் என்னும் சிற்றூரில் 22 விஞ்ஞானிகள் கூடினர். அமெரிக்கரும் ரஷ்யரும் சீனரும் ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்து, மேடைப் பிரசங்கமின்றி, காரியத்தைப் பற்றிப் பேசினர். அவ்வாறு தொடர்ந்து கூடிய மகாநாடுகள், 1963-ல் ஆகாயத்திலும் நீருக்கடியிலும் வானவெளியிலும் அணுகுண்டுச் சோதனையைத் தடுத்த உடன்படிக்கைக்கு வழிகோலின.

அறிஞர் கூடிப் பேசினால் மட்டும் போதாது, ஜனங்களும் எழவேண்டும் என்று கருதிய ரஸ்ஸல், காந்தியடிகள் காட்டிய சட்ட மறுப்பு மார்க்கத்தைக் கைக்கொண்டார். 1961 பிப்ரவரியில் தம் 88-வது வயதில், ஆயிரக்கணக்கானோருடன் லண்டனில் பாதுகாப்பு மந்திரி காரியாலயத்தின் எதிரே தரையில் அமர்ந்தார். செப்டம்பரில் அவரும் அவர் மனைவியாரும் நீதிபதி முன் நிறுத்தப்பட்டனர். நன்னடத்தைக்கு உறுதி கூற அவர் மறுத்துவிட்டார். தண்டனை ஏழு நாளாகக் குறைக்கப்பட்டது. நாற்பத்து மூன்று வருஷத்திற்கு முன் தாம் கண்ட அதே பிரிக்ஸ்டன் சிறைக்குள் 89 வயதுக் கிழவர் மறுபடியும் புகுந்தார். 1962 அக்டோபரில் கியூபாவை முன்னிட்டு உலகம் நாசத்தின் விளிம்பில் நின்றபோது, கென்னடிக்கும் குருஷ்சேவுக்கும் தந்திகள் அனுப்பினார். அத்தந்திகளால்தான் உலகம் பிழைத்தது என்று நாம் கூறத் துணியோம். ஆட்சியில் இல்லாத ஒரு தனி மனிதரும் வாளாவிருக்கலாகாது என்பதை அவர் காட்டினார் என்பது போதும். 1970 பிப்ரவரி 2-ந் தேதி, 97 பிராயத்தில், வேல்ஸ் நாட்டிலேயே அவர் உயிர் துறந்தார்.

இன்று ஒன்பது தேசங்களிடம் சுமார் 12,000 அணுகுண்டுகள் இருக்கின்றன. 1974-லும் 1998-லும் சோதனை நடத்திய நமது தேசமும் அவற்றில் ஒன்று. ஒவ்வொரு தேசமும் தன் குண்டைக் காவலென்றும், அயலான் குண்டை அபாயமென்றும் கூறுகிறது. 1948-ல் ரஸ்ஸலை மயக்கிய எண்ணமும் இதுவே. வழக்கு மன்றத்தில் வாதிக்கு ஒரு நியாயமும் பிரதிவாதிக்கு ஒரு நியாயமும் செல்லாது. நம் குண்டிற்காக நாம் கூறும் வாதத்தை எதிரி தன் குண்டிற்காகக் கூறினால் ஏற்போமா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அரசியல் மேடையில் நிற்கும் தொண்டர்களுக்கு இக்கேள்வி கசப்பாயிருக்கும். கைதட்டலையும் பெற்றுத் தராது. உலகம் புகழும் தர்க்க பண்டிதரே தம் வாதம் பிழையென்று கண்டதும் அதைக் கைவிட்டுச் சிறை புகத் துணிந்தார் எனில், இக்கேள்வியைக் கேட்கும் தைரியமாவது நமக்கு வேண்டாமா?