எட்வின் லூட்டியன்ஸ்

சர் எட்வின் லாண்ட்சீர் லூட்டியன்ஸ் (மார்ச் 29, 1869 – ஜனவரி 1, 1944) ஓர் ஆங்கிலேயக் கட்டிடக் கலைஞர் ஆவார். புது தில்லியின் குடியரசுத் தலைவர் மாளிகை, இந்தியா கேட், லண்டனின் செனடாஃப் போர் நினைவுச்சின்னம் ஆகியவை இவரது முக்கிய படைப்புகள். பேரரசின் அதிகாரத்தைக் காட்ட இவர் தில்லியில் எழுப்பியவை, பின்னர் இந்தியக் குடியரசின் அடையாளங்களாயின.

வாழ்க்கைச் சுருக்கம்

லண்டனில் பிறந்த லூட்டியன்ஸ், தென் கென்சிங்டன் கலைப் பள்ளியில் பயின்றார். தோட்டக்கலை வல்லுநர் கெர்ட்ரூட் ஜெக்கிலுடன் இணைந்து பல நாட்டுப்புற இல்லங்களை உருவாக்கிப் புகழ் பெற்றார். 1897 இல் இந்தியாவின் முன்னாள் வைசிராய் லிட்டன் பிரபுவின் மகள் எமிலியை மணந்தார். எமிலி பின்னாளில் பிரம்மஞான சபையில் சேர்ந்து, ஜே. கிருஷ்ணமூர்த்தியிடம் ஈடுபாடு கொண்டிருந்தார்.

1920 இல் கல்லில் அமைக்கப்பட்ட செனடாஃப், உடல் எதுவும் இல்லாத வெற்றுக் கல்லறையாகும். அதில் எச்சமயத்தின் சின்னமும் இல்லை.

புது தில்லி

இந்தியத் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என 1911 இல் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு லூட்டியன்ஸ் திட்டக் குழுவில் இடம்பெற்றார். இந்தியக் கட்டிடக்கலை மீது இவருக்கு மதிப்பு இருக்கவில்லை. எனினும் வைசிராய் ஹார்டிஞ்ச் இந்தியக் கூறுகளை வலியுறுத்தினார். இறுதியில் 340 அறைகள் கொண்ட வைசிராய் மாளிகையின் குவிமாடம் சாஞ்சி தூபியை நினைவூட்டுவதாக அமைந்தது. தூண்களின் தலைப்பகுதியில் கல்மணிகள் செதுக்கப்பட்டன.

தலைமைச் செயலகத்தை வடிவமைத்த ஹெர்பர்ட் பேக்கருடன் இவருக்குப் பிணக்கு ஏற்பட்டது. செயலகக் கட்டிடங்களுக்கும் ரைசினா குன்றின் மேலேயே இடம் தரப்பட்டதால், மாளிகை பின்னுக்குத் தள்ளப்பட்டது. ஏறுசாலையில் வருவோர் பார்வையிலிருந்து அது ஓரிடத்தில் மறைந்துபோகும் என்பதைத் தாமதமாக உணர்ந்த லூட்டியன்ஸ், சரிவை மாற்றக் கோரினார். கோரிக்கை ஏற்கப்படவில்லை. நகரம் 1931 இல் திறந்து வைக்கப்பட்டது.

பிற்கால மாற்றங்கள்

நகரம் திறக்கப்பட்ட 16 ஆண்டுகளில் பிரித்தானிய ஆட்சி முடிவுற்றது. அதைக் காணும் முன்பே லூட்டியன்ஸ் இறந்துவிட்டார். 1948 இல் தலைமை ஆளுநரான இராஜாஜி, மாளிகையில் வைசிராய்களின் பெரிய அறைகளைத் தவிர்த்துச் சிறிய பகுதியில் வசித்தார். 1950 இல் அது குடியரசுத் தலைவரின் இல்லமாயிற்று.

இந்தியா கேட், பிரித்தானிய இந்தியப் படையில் போரிட்டு இறந்தவர்களுக்காகக் கட்டப்பட்டது. அதில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அதனருகே லூட்டியன்ஸ் வடிவமைத்த கல்மண்டபத்தில் இருந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சிலை 1968 இல் அகற்றப்பட்டது. பல ஆண்டுகள் வெறுமையாக இருந்த அம்மண்டபத்தில், 2022 இல் சுபாஷ் சந்திர போஸின் கருங்கல் சிலை நிறுவப்பட்டது.