ஓப்பலுக்குச் சந்தை தேடியவர்

சிட்னியின் மேற்கே மேய்ஸ் ஹில்லில் உள்ள முருகன் ஆலயத்துக்கு வரும் தமிழர்களுக்கு நவரத்தினங்களைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஆனால் அவர்கள் குடியேறிய நாடு 1993ஆம் ஆண்டு தனது தேசிய ரத்தினமாக அறிவித்த ஓப்பல், அந்த ஒன்பதில் இடம்பெறவில்லை. ஐரோப்பாவிலும் அது நெடுங்காலம் ஐயத்துக்குரிய கல்லாகவே இருந்தது. வால்டர் ஸ்காட் 1829இல் வெளியிட்ட ஒரு நாவலுக்குப் பின், ஓப்பல் தீமை விளைவிக்கும் என்ற எண்ணம் பரவியதாகக் கூறப்படுகிறது. விக்டோரியா அரசி அதை விரும்பி அணிந்தும் அந்த அச்சம் முற்றிலும் நீங்கவில்லை.

இத்தகைய ஒரு கல்லை உலகச் சந்தையில் விலைபோகச் செய்வதையே தமது வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர் டல்லி வொல்லஸ்டன்.

தென் ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கன் பகுதியில் 1863இல் பிறந்த அவர், அடிலெய்டில் நில அளவைத் துறையில் வரைபடப் பணியாளராக இருந்தார். 1888இன் இறுதியில், கடும் வறட்சி நிலவிய கோடையில், அவர் ஒட்டகங்களுடன் குயின்ஸ்லாந்தின் கியாப்ரா குன்றுகளை நோக்கிப் புறப்பட்டார். அங்கே சுரங்கத் தொழிலாளர்களிடம் வாங்கிய கற்களை எடுத்துக்கொண்டு 1889இல் லண்டன் சென்றடைந்தார்.

லண்டனின் ஹாட்டன் கார்டன் வணிகர்கள் பழகியிருந்தது, இன்று ஸ்லோவாக்கியாவில் அடங்கும் அன்றைய ஹங்கேரியச் சுரங்கங்களின் வெளிறிய பால்நிற ஓப்பலுக்கு. ஆஸ்திரேலியக் கல்லின் ஒளி அவர்களைக் கவரவில்லை. மாறாக, ஐயம் கொள்ளச் செய்தது. இவ்வளவு பிரகாசம் இயற்கையானதாக இருக்க முடியுமா என்று தயங்கினர். ஓப்பலில் நிறங்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்பதையே, நுண்ணிய சிலிக்கா உருண்டைகளின் ஒழுங்கான அடுக்கைக் கொண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1960களில்தான் விளக்கினர். வொல்லஸ்டனிடம் அப்போது இருந்தவை கற்களும் பொறுமையும் மட்டுமே. மெல்ல மெல்லத்தான் வாங்குவோர் கிடைத்தனர்.

அவரது பெயரை நிலைநாட்டிய பேரம் நியூ சவுத் வேல்ஸின் வடமேற்கு வறண்ட நிலத்தில் உள்ள வைட் கிளிஃப்ஸ் கற்களைப் பற்றியது. 1889இல் அங்கே கங்காரு வேட்டைக்காரர்கள் ஓப்பலைக் கண்டெடுத்தனர். அந்தக் கற்களுக்கு வொல்லஸ்டன் 140 பவுண்டுகள் கொடுக்க முன்வந்தார். 10 பவுண்டுகள் கிடைத்திருந்தாலும் விற்பவர்கள் ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்பது பின்னரே தெரியவந்தது.

அந்த 130 பவுண்டுகளை வெறும் தாராள மனத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. தங்கத்தை உரைத்துப் பார்த்து எடைபோட்டு விலை சொல்லலாம். ஓப்பலுக்கு அப்படி ஓர் அளவுகோல் இல்லை. ஒரு கல்லைப் போல் மற்றொன்று இராது. பாலைவனத்தில் தோண்டுபவருக்கு லண்டன் விலை தெரியாது. வாங்குபவரின் கண்ணும் சொல்லுமே தராசு. நியாயமான விலை கிடைக்கும் என்ற பெயர் பரவினால், அடுத்த கல் அவரிடமே வந்து சேரும். வைட் கிளிஃப்ஸில் அதுவே நடந்தது. ஆயிரக்கணக்கானோர் குடியேறிய சுரங்க நகரமாக அவ்வூர் வளர்ந்தது. அந்நிலத்தில் தொன்றுதொட்டு வாழ்ந்துவந்த பூர்வகுடி மக்கள், இந்த வணிகத்தின் வரலாற்று ஏடுகளில் அரிதாகவே தென்படுகின்றனர்.

1903இல் சார்லி நெட்டில்டன் என்பவர் லைட்னிங் ரிட்ஜில் கிடைத்த கறுப்பு ஓப்பல்களுடன் பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்து வைட் கிளிஃப்ஸ் வந்தார். வொல்லஸ்டனின் முகவரான டெட் மர்ஃபி அவற்றை 15 பவுண்டுகளுக்கு வாங்கினார். பிற வணிகர்கள் பயனற்றதென ஒதுக்கிய அந்தக் கருநிறக் கல்லுக்காக வொல்லஸ்டன் மீண்டும் வாடிக்கையாளர்களைத் தேட வேண்டியிருந்தது. இன்று ஓப்பல் வகைகளில் மிக உயர்ந்த விலை பெறுவது அதுவே. 15 பவுண்டுகளுக்கு விற்றவர்கள் அந்த உயர்விலிருந்து பெற்ற பங்கு சொற்பமே.

1914இல் மூண்ட முதலாம் உலகப் போர், ஓப்பலைப் பட்டை தீட்டி விற்ற ஜெர்மானியர்களுடனான வணிகத்தைத் துண்டித்தது. ஓப்பலைப் பற்றி வொல்லஸ்டன் எழுதிய நூல் 1924இல் வெளிவந்தது. 1931இல் அவர் காலமானார்.

தோட்டக்கலையிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. அடிலெய்டு குன்றுகளில் இருந்த அவரது ரேவுட் இல்லத்தின் பெயரைத் தாங்கிய ஒரு வகை ஆஷ் மரம், தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் தெருக்கள் பலவற்றில் இன்றும் நிற்கிறது. இலையுதிர் காலத்தில் அதன் இலைகள் கருஞ்சிவப்பாக மாறுகின்றன.