சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர்

மதுரையில் வாழ்வோர்க்கு யானைமலை நாளும் காணும் காட்சி. சமணர் ஏவிய யானையே கல்லாய்ச் சமைந்தது என்பது திருவிளையாடற் புராணம் தரும் விளக்கம். வெயிலும் மழையும் காற்றும் நெடுங்காலம் தேய்த்த பாறை என்பது நிலவியலார் தரும் விளக்கம். ஒழுங்கான வடிவைக் கண்டதும் செய்தவன் யார் என வினவுவது மனித இயல்பு. செய்தவனின்றியும் வடிவு தோன்றும் என்று தமிழர்க்குத் தமிழிலேயே விளக்கிய முன்னோடிகளுள் ஒருவர் ம. சிங்காரவேலர்.

டார்வினின் உயிரினத் தோற்றம் பற்றிய நூல் 1859 நவம்பரில் இலண்டனில் வெளிவந்தது. மூன்று திங்கள் கழித்து, 1860 பிப்ரவரி 18 அன்று, சென்னை மீனவர் குடியில் சிங்காரவேலர் பிறந்தார். சட்டம் பயின்று வழக்கறிஞரானார்; புத்த நெறியில் ஈடுபட்டார்; ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் அத்தொழிலைத் துறந்தார். 1923இல் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடினார். மதுரை வழியே தூத்துக்குடி வரை ஓடிய தென்னிந்திய இரயில்வேயின் தொழிலாளர்கள் 1928இல் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்குத் துணைநின்று சிறை புகுந்தார்.

1930இல் விடுதலையானபோது அவர்க்கு அகவை எழுபது. அதன் பின்னரே அவர்தம் அறிவியல் எழுத்து பெருகியது. பெரியாரின் குடி அரசு இதழிலும், 1935இல் தாம் தொடங்கிய புதுவுலகம் இதழிலும் அண்டம், உயிர், கடவுள் குறித்து எழுதினார்.

அவர் எதிர்கொண்ட வாதம் எளியதன்று. தோன்றி நின்று ஒடுங்கும் உலகுக்கு ஒரு வினைமுதல் வேண்டும் என்பது மெய்கண்டார் நிறுவிய முடிபு. கடிகாரத்துக்குச் செய்தவன் உண்டு, உயிர்க்கும் அவ்வாறே என்பது 1802இல் இங்கிலாந்தில் பேலி எழுதியது. பரிணாமக் கொள்கையின் விடை வேறு: பிறக்கும் உயிர்கள் தம்முள் சிறிது வேறுபடும், சூழலுக்கு இயைந்தவை பிழைத்துப் பெருகும், சிறு மாற்றங்கள் தலைமுறைதோறும் திரளும். வரைபடம் இன்றியே கண்ணும் துதிக்கையும் அமையும். கலைச்சொற்கள் நிலைபெறாத அந்நாளில் இதனை எளிய மக்களுக்கு எழுதியமை அரும்பணி.

சிவஞானபோதம் கற்பிக்கும் எனக்கு அவர் இடர்ப்பாடு தருகிறார்; மறைப்பதற்கில்லை. உலகின் முதற்காரணம் குறித்த வினா வேறு, துதிக்கை உருவான முறை குறித்த வினா வேறு என்று நான் பிரித்துணர்கிறேன். கடவுளையே மறுத்த சிங்காரவேலர் இதனை ஏற்கமாட்டார். எனினும், பிரித்துணரும் தேவையை எனக்கு உணர்த்தியவர் அவரே.

1946 பிப்ரவரி 11 அன்று அவர் மறைந்தார். வழக்கு முடியவில்லை. நுண்ணறிவு வடிவமைப்புக் கொள்கை அறிவியலன்று என 2005இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. 2023இலோ நம் நாட்டின் தேசியக் கல்வி ஆராய்ச்சி மன்றம் வெளியிட்ட பத்தாம் வகுப்பு நூலில் பரிணாமப் பகுதி இடம்பெறவில்லை. ஏற்பதாயினும் மறுப்பதாயினும், முதலில் கற்றல் வேண்டும். சங்கம் வைத்து வழக்காடிய ஊர் மதுரை. எதிர்வாதத்தைக் கேளாமல் விலக்குவது அவ்வூர்க்கு அழகாகாது.