எப்ஸம் பந்தயமும் எமிலி அம்மையாரும்

குதிரைப் பந்தயத்தில் பொருளை இழந்து குடும்பத்தைத் தவிக்கவிட்டவர்களின் கதை நம் நாட்டில் ஊர்தோறும் உண்டு. கிண்டியின் பெயரையோ பம்பாய் மகாலக்ஷ்மியின் பெயரையோ கேட்ட அளவிலேயே முகம் சுளித்த பாட்டிமார்களை நாம் அறிவோம். அவ்வாறிருக்க, நமது சங்க மலரில் ஒரு பந்தயத்தைப் பற்றி எழுதப் புகுந்தது எதற்கு என்று வாசகர்கள், சிறப்பாகத் தாய்மார்கள், ஐயுறக்கூடும். பந்தயத்தின் பெருமையைப் பேசுவது நமது நோக்கமன்று. எவரும் எதிர்பாராத குதிரையொன்று முதலிடம் பெற்ற நாளில், அதே பந்தயப் பாதையில் அடிபட்டு வீழ்ந்த ஒரு பெண்மணியின் வாழ்க்கையைக் கூறுவதே நமது நோக்கம். அவர் பெயர் எமிலி வைல்டிங் டேவிசன்.

எமிலி அம்மையார் 1872ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் இலண்டன் நகரைச் சார்ந்த கிரீனிச் பகுதியில் பிறந்தார். தந்தையார் சார்ல்ஸ் டேவிசன் வணிகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தாயார் மார்கரெட், அவருடைய இரண்டாம் மனைவி. பெற்றோர் இருவரும் இங்கிலாந்தின் வடகோடியிலுள்ள நார்தம்பர்லாந்து நாட்டைச் சேர்ந்த குடும்பத்தினர். இளமையிலேயே கல்வியில் பேரார்வம் கொண்டிருந்த எமிலி, 1891ல் உதவிச் சம்பளம் பெற்று ராயல் ஹாலோவே கல்லூரியில் இலக்கியம் பயிலச் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகள் செல்வதற்குள் தந்தையார் காலமானார். பருவத்துக்கு இருபது பவுன் என்ற கல்லூரிச் சம்பளத்தைக் கட்ட விதவைத் தாயாரால் இயலவில்லை. எமிலி கல்லூரியை விட்டு வெளியேறினார்.

வெளியேறினாரேயன்றிக் கல்வியைக் கைவிட்டாரல்லர். செல்வர் வீட்டில் தங்கிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். இரவில் தம் பாடத்தைப் படித்தார். சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக்கொண்டு ஆக்ஸ்போர்டில் புனித ஹியூ கல்லூரியில் ஒரே ஒரு பருவம் பயின்று, 1895ல் ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பில் தேறினார். ஆயினும் பட்டம் கிடைக்கவில்லை. பெண்களுக்குத் தேர்வு எழுத இடமளித்த ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை, அந்நாளில் அவர்களுக்குப் பட்டம் அளிப்பதில்லை. அந்தக் கதவு திறந்தது 1920ல். எமிலி மனந்தளராமல் ஆசிரியப் பணி செய்துகொண்டே மீண்டும் படித்து, 1908ல் இலண்டன் சர்வகலாசாலையில் பட்டம் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தைந்து.

தகுதியைக் காட்டிய பின்னரும் உரிமை மறுக்கப்படுவதன் கசப்பு இன்னதென்று அவர் அறிந்திருந்தார். எனவே பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட இயக்கம் அவர் உள்ளத்தை ஈர்த்ததில் வியப்பில்லை. அக்கோரிக்கை அன்று புதிதாக எழுந்ததுமன்று. ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு பெண்கள் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற பேரறிஞர் 1866லேயே பாராளுமன்றத்தில் சமர்ப்பித்திருந்தார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் பணிவோடு கேட்டும் பயன் விளையவில்லை. 1903ல் மான்செஸ்டர் நகரில் திருமதி எம்மெலின் பாங்க்ஹர்ஸ்ட் அம்மையார் மாதர் சமூக அரசியல் சங்கத்தை நிறுவி, விண்ணப்பத்தை விடுத்துக் கிளர்ச்சியில் இறங்கினார். 1906ல் எமிலி அச்சங்கத்தில் சேர்ந்தார். சிறிது காலத்தில் ஆசிரியத் தொழிலையும் துறந்து, முழுநேரத் தொண்டராயினார்.

1909ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பிரதம மந்திரியைக் காணச் சென்ற பெண்கள் குழுவில் ஒருவராகக் கைது செய்யப்பட்டு, ஒரு மாதம் சிறை புகுந்தார். அதுவே தொடக்கம். அதனையும் சேர்த்து நான்கு ஆண்டுகளுக்குள் ஒன்பது முறை கைது செய்யப்பட்டார். ஏழு முறை உண்ணாவிரதம் பூண்டார். உண்ணாதவர்களை நாற்காலியிலோ படுக்கையிலோ அழுத்திப் பிடித்து, மூக்கின் வழியாகவோ வாயின் வழியாகவோ குழாயைச் செலுத்தி உணவை ஊற்றுவது அந்நாட்டுச் சிறையதிகாரிகள் கையாண்ட முறை. எமிலி அம்மையாருக்கு இக்கொடுமை நாற்பத்தொன்பது முறை இழைக்கப்பட்டது. 1909 அக்டோபரில் மான்செஸ்டர் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறையில், அதிகாரிகள் உள்ளே வராதபடி பலகைக் கட்டில்களைக் கதவுக்கு அண்டை கொடுத்தார். அவர்கள் சன்னல் வழியே குழாயை நீட்டி, அறைக்குள் குளிர்நீரைப் பாய்ச்சினர். விடுதலையடைந்தபின் அம்மையார் நீதிமன்றம் சென்று நாற்பது ஷில்லிங் நஷ்டஈடு பெற்றார். தொகை சிறிது. எனினும், சிறையில் கிடந்த ஒரு பெண்ணுக்கும் சட்டம் செவிசாய்க்க வேண்டியதாயிற்று.

அவருடைய துணிவில் நகைச்சுவையும் கலந்திருந்தது. 1911 ஏப்ரல் 2ஆம் நாள் இரவு இங்கிலாந்தில் ஜனத்தொகைக் கணக்கெடுப்பு நடைபெற்றது. அன்றிரவு அம்மையார் பாராளுமன்ற மாளிகையின் கீழ்த்தளத்திலுள்ள கோயிலில், துடைப்பங்கள் வைக்கும் சிற்றறையொன்றில் ஒளிந்துகொண்டார். கணக்கெடுப்பு இரவில் தாம் தங்கிய இடம் பாராளுமன்றமே என்று பதிவாகவேண்டும் என்பது அவர் எண்ணம். மறுநாள் அவரைக் கண்டுபிடித்த அதிகாரிகள் அவ்விடத்தையே குறித்துப் பதிவு செய்தனர். இதை அறியாத வீட்டுக்கார அம்மையார் தம் வீட்டுக் கணக்கிலும் அவர் பெயரைச் சேர்த்துவிட்டார். இவ்வாறு ஒரே கணக்கெடுப்பில் இருமுறை எண்ணப்பட்ட அம்மையாரின் பெயர், பாராளுமன்றத் தேர்தலுக்குரிய வாக்காளர் பட்டியலில் ஒருமுறையேனும் இடம்பெறவில்லை.

அவர் செய்தவை யாவும் குற்றமற்றவை என்று நாம் கூறவில்லை. கல்லெறிந்தார்; தெருவோரத் தபால் பெட்டிகளுக்குத் தீ வைத்தார். யாரோ ஏழை தன் மகனுக்கு எழுதிய கடிதமும் அப்பெட்டியில் இருந்திருக்கலாம். அகிம்சை வழியைப் போற்றும் நாம் இதனை மெச்ச இயலாது. ஆயின், பிறருக்கு இழைத்த துன்பத்தினும் அவர் தமக்கு வருவித்துக்கொண்ட துன்பமே பெரிது. 1912 ஜூனில் ஹாலோவே சிறையில் தோழியருக்குப் பலவந்தமாக உணவூட்டப்பட்டபொழுது, ஒருவர் உயிர் போனால் மற்றவர்களின் வேதனை தீரும் என்று கருதி, மாடித் தாழ்வாரத்திலிருந்து குதித்தார். முதுகெலும்பிலும் தலையிலும் பலத்த காயமுற்றும் பிழைத்துக்கொண்டார்.

இனிப் பந்தயத்துக்கு வருவோம். இலண்டனுக்குத் தெற்கேயுள்ள எப்ஸம் மேட்டில் 1780 முதல் நடைபெற்றுவரும் டெர்பி பந்தயம், அந்நாட்டாருக்கு ஒரு பெருந்திருவிழா. அரசரும் வருவார், அன்றாடக் கூலியாளும் வருவார். 1913 ஜூன் 4ஆம் நாள், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி ராணியாரும் வந்திருக்க, பதினைந்து குதிரைகள் ஒன்றரை மைல் ஓட்டத்துக்கு அணிவகுத்தன. மக்கள் பெரிதும் நம்பியது கிராகனூர் என்ற குதிரையை. அதன் உடைமையாளர் பௌவர் இஸ்மே, முந்தின ஆண்டில் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் கம்பெனித் தலைவருடைய தம்பி. அதன்மீது நான்கு பவுன் கட்டி வென்றால் இலாபம் ஆறு பவுன். அபோயர் என்ற குதிரையையோ பொருட்படுத்துவார் இல்லை. அதன்மீது ஒரு பவுன் கட்டினால் நூறு பவுன் தருவதாகப் பந்தயத் தரகர்கள் கூவினர். அது வெல்லாது என்பதில் அவர்களுக்கு அத்துணை உறுதி.

எட்வின் பைப்பர் என்னும் ஜாக்கி ஏறியிருந்த அபோயர், யாவரும் வியக்கும்படி முன்னே பாய்ந்து சென்றது. முன்னணிக் குதிரைகள் டாட்டன்ஹாம் முனை என்னும் வளைவைக் கடந்து சென்றபின், பின்தங்கிய சில குதிரைகள் வந்துகொண்டிருந்தன. அவற்றுள் ஒன்று மன்னருடைய அன்மர். அதன்மேல் இருந்தவர், 1909ல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் குதிரைக்கு டெர்பி வெற்றியைத் தேடித்தந்த புகழ்பெற்ற ஜாக்கி ஹெர்பர்ட் ஜோன்ஸ். அப்பொழுது வேலியின் கம்பிக்குக் கீழே குனிந்து, எமிலி அம்மையார் பாதையில் இறங்கினார். ஒரு குதிரை அவரைக் கடந்து சென்றது. அடுத்து வந்த அன்மரை நோக்கிக் கையை உயர்த்தினார். கண்ணிமைக்கும் நேரத்தில் பெண்மணியும் குதிரையும் ஜாக்கியும் தரையில் வீழ்ந்தனர். குதிரை தானே எழுந்து, ஆளின்றி ஓட்டத்தை முடித்தது. ஜோன்ஸ் காயத்துடன் உயிர் தப்பினார். அம்மையார் எழவில்லை.

முன்னே சென்ற ஓட்டம் நிற்கவில்லை; கூட்டத்தில் பெரும்பாலோர் பின்னால் நிகழ்ந்ததை அறியவுமில்லை. இறுதி நேர்ப்பாதையில் கிராகனூரும் அபோயரும் ஒன்றையொன்று மோதியவண்ணம் ஓடின. கிராகனூர் தலையளவு முந்தி முதலாவதாக வந்தது. அதன்மீது பணம் கட்டியோர் ஆரவாரித்தனர். ஆனால் பந்தய நிர்வாகிகள் தாமாகவே ஆட்சேபம் எழுப்பி விசாரித்து, பிற குதிரையை இடித்த குற்றத்துக்காகக் கிராகனூரைத் தள்ளிவைத்து, அபோயருக்கே வெற்றியை வழங்கினர். நூறில் ஒரு வாய்ப்பும் இல்லை என்று ஒதுக்கப்பட்ட குதிரை, டெர்பி பட்டத்தைப் பெற்றது.

அம்மையார் எப்ஸம் மருத்துவமனையில் நினைவின்றிக் கிடந்தார். அவரிடத்தில் இயக்கத்தின் ஊதா, வெண்மை, பச்சை நிறக் கொடிகள் இரண்டும், இலண்டனுக்குத் திரும்புவதற்குரிய ரயில் சீட்டும் இருந்தன. உயிர் துறக்க எண்ணி இறங்கினாரா, மன்னரின் குதிரையில் கொடியைக் கட்ட எண்ணி இறங்கினாரா என்பது இன்றளவும் முடிவுபெறாத வழக்கு. தம் எண்ணத்தை அவர் எவரிடமும் விளக்கியிருக்கவில்லை. வசைமொழி நிறைந்த கடிதங்கள் மருத்துவமனைக்கு வந்து குவிந்தன. அவருடைய தாயாரும் ஒரு கடிதம் எழுதியிருந்தார். அதனைப் படிக்கும் பேறு மகளுக்கு வாய்க்கவில்லை. அறுவை சிகிச்சையும் பலனளியாமல் ஜூன் 8ஆம் நாள் அம்மையார் உயிர்நீத்தார். தற்செயலாக நேர்ந்த மரணம் என்று விசாரணை மன்றம் தீர்ப்புக் கூறிற்று. ஜூன் 14ஆம் நாள், ஐயாயிரம் பெண்கள் அணிவகுத்து இலண்டன் வீதிகளில் அவருடைய உடலுடன் நடந்தனர். மறுநாள் வடக்கே மார்பெத் ஊரில், தம் குடும்பத்தார் அருகில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

வென்ற குதிரை என்னவாயிற்று? அபோயர் மீண்டும் ஒரு பந்தயத்திலும் வெல்லவில்லை. ரஷ்ய நாட்டுக்கு விற்கப்பட்டுப் புரட்சிக் குழப்பத்தில் காணாமற் போயிற்று. கிராகனூர் அர்ஜென்டினாவுக்கு விலைபோயிற்று. எமிலி அம்மையார் கேட்ட உரிமையோ, 1918ல் சொத்துத் தகுதியுடைய முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும், 1928ல் ஆடவருக்குச் சமமாக இருபத்தொரு வயது நிரம்பிய பெண்கள் அனைவருக்கும் கிடைத்தது. ஒரு பெண்மணியின் மரணத்தால்தான் அது கிடைத்தது என்று கூறுவது மிகை. பல்லாயிரவரின் பல்லாண்டு உழைப்பும், உலகப் போரில் பெண்கள் ஆற்றிய பணியும் அதில் அடங்கும். ஆயினும், 1913ல் அபோயர்மீது பணம் கட்டத் துணிந்தவர்களைப் போலவே, பெண்களுக்கு வாக்குரிமை வரும் என்று நம்பியவர்களும் அன்று ஏளனத்துக்கு ஆளாயினர் என்பதை மறத்தலாகாது. 2021ல் எப்ஸம் ஊர்ச் சந்தைத் திடலில் அம்மையாருக்குச் சிலை எழுந்தது.

இக்கதைக்கும் நமக்கும் தொடர்பு இல்லாமலில்லை. எமிலி அம்மையார் இருந்த அதே ஹாலோவே சிறையில் 1910ல் ஒரு மாதம் அடைபட்டவர் மார்கரெட் கஸின்ஸ் என்ற ஐரிஷ் அம்மையார். அவர் 1915ல் இந்தியா வந்தார். 1917ல் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்ற முன்னின்று உழைத்தார். 1921ல் பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் முதலாவதாகச் சென்னை மாகாணம், சொத்துத் தகுதியுடைய பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. 1927ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னைச் சட்டசபையில் அமர்ந்து, அதன் துணைத்தலைவராகவும் விளங்கினார். சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்போ, சொத்தும் படிப்பும் பாராமல் வயதுவந்த அனைவருக்கும் ஒரே நாளில் வாக்கைத் தந்தது.

ஆனால் 1951-52ல் நடைபெற்ற முதற் பொதுத்தேர்தலில், ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் சொல்லி, சொந்தப் பெயரைக் கூற அவர்கள் மறுத்ததே காரணம். உரிமை வந்தும் பெயர் வராமையால் அவர்கள் வாக்கிழந்தனர்.

பிறந்த ஊரை விட்டு உத்தியோகத்தின் பொருட்டு வந்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை வேறு ஊர் மாறும் நம்மவரிடையே, பழைய ஊர்ப் பட்டியலிலும் பெயரின்றிப் புதிய ஊர்ப் பட்டியலிலும் பெயரின்றி இருப்போர் எத்தனை பேர் என்று நாம் எண்ணிப் பார்த்தோமில்லை. பால் அட்டைக்கும், எரிவாயு இணைப்புக்கும், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைக்கும் விலாசம் மாற்ற விரையும் நாம், இந்த ஒன்றை அடுத்த தேர்தலுக்கு ஆகட்டும் என்று தள்ளிவைக்கிறோம். விழா முடிந்து இல்லம் திரும்பியதும், குடும்பத் தலைவர் தம் பெயரை மட்டுமன்றி, மனைவி, தாய், வயதுவந்த மகள் ஆகியோர் பெயர்களையும் இவ்வூர் வாக்காளர் பட்டியலில் தேடிப் பார்த்து, இல்லையெனில் சேர்க்க விண்ணப்பிப்பாராக. பாராளுமன்றத்தின் துடைப்ப அறையில் ஓர் இரவு முழுதும் விழித்திருந்த அம்மையாருக்கு எட்டாத பேறு, நமக்கு ஒரு விண்ணப்பத்தாளின் தொலைவில்தான் இருக்கிறது.