குடிகளின் குரல்: கஜுலு லட்சுமிநரசு

கம்பெனி ஆட்சியில், சென்னை மாகாணத்தில் நிலவரி செலுத்த இயலாத உழவர்களின் விரல்கள் ‘கிட்டி’ என்னும் மரக்கருவியில் இட்டு நெரிக்கப்பட்டன. சிலர் குனியவைத்துக் கட்டப்பட்டு வெயிலில் வாடினர். விக்கிரவாண்டி அடங்கிய தென்னார்க்காடும் அம்மாகாணத்தைச் சேர்ந்ததே. இக்கொடுமையை வெளியுலகறியச் செய்தவர் கஜுலு லட்சுமிநரசு.

1806இல் சென்னையில் வணிகக் குடும்பத்தில் பிறந்த அவர், துணி வணிகத்தில் ஈட்டிய பொருளைப் பொதுப்பணிக்கே செலவிட்டார். 1844 முதல் ‘கிரசெண்ட்’ இதழை நடத்தினார். 1852இல் சென்னை சுதேசி சங்கத்தை நிறுவி, மக்கள் குறைகளை இங்கிலாந்து நாடாளுமன்றத்திற்கு விண்ணப்பமாக அனுப்பினார். 1853இல் இங்கு வந்த நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோரைச் சிற்றூர்களுக்கு அழைத்துச் சென்று, நடப்பவற்றை நேரில் காணச் செய்தார். சீமோர் நாடாளுமன்றத்தில் முறையிட்டதன் பயனாக 1854இல் சித்திரவதை விசாரணை ஆணையம் அமைந்தது. 1855இல் வெளிவந்த அதன் அறிக்கை, கொடுமைகள் உண்மையே என்று உறுதிசெய்தது.

1863இல் அரசு அவரைச் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராக நியமித்தது. 1868இல் மறையும்போது அவரிடம் செல்வம் எஞ்சவில்லை. வாக்குரிமை இல்லாத அக்காலத்தில் மக்கள் அவரைத் தேர்ந்தெடுக்க இயலவில்லை. எனினும், பதவி கிடைக்கும் முன்பே அவர் மக்களின் சார்பாளராக விளங்கினார்.