அழற்சியின் பொருளை உணர்த்திய மெச்னிக்கோவ்

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கின்றது. அழற்சி எனப்படும் இந்நிலையை நாம் நோயென்றே கருதி அஞ்சுகின்றோம். அது உடல் தன்னைக் காத்துக்கொள்ள மேற்கொள்ளும் முயற்சி என்பதை உலகுக்கு உணர்த்தியவர் ஒரு மருத்துவர் அல்லர். இலியா மெச்னிக்கோவ் என்ற விலங்கியல் அறிஞரே ஆவார்.

அன்றைய ரஷ்யப் பேரரசின் கார்கோவ் நகருக்கு அண்மையில், இன்றைய உக்ரைனில், 1845 ஆம் ஆண்டு அவர் பிறந்தார். நான்காண்டுப் பல்கலைக்கழகக் கற்கையை இரண்டே ஆண்டுகளில் நிறைவுசெய்து, இளவயதிலேயே ஒடெசாவில் பேராசிரியரானார். ஆயினும் இல்வாழ்வு அவரைச் சோதித்தது. 1869 இல் அவர் மணந்த லுத்மிலா, திருமணத்தன்றே கதிரையில் வைத்துத் தேவாலயத்துக்குத் தூக்கிச் செல்லப்படுமளவுக்கு நலிவுற்றிருந்தார். 1873 இல் காசநோய் அவரைப் பலிகொண்டது. துயரம் தாளாத மெச்னிக்கோவ் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று தப்பினார். பின்னர் மணந்த ஒல்கா 1880 இல் நெருப்புக்காய்ச்சலுக்கு உள்ளானார். அதையடுத்து மீண்டும் அதே முடிவை நாடினார்; மீண்டும் தப்பினார். ஒல்காவும் குணமடைந்தார். அவர் தப்பியதனால் உலகம் பெற்றதென்ன என்பது விரைவிலேயே தெரிந்தது.

பல்கலைக்கழகத்தில் அரசியல் நெருக்கடி முற்றவே, 1882 இல் பதவி துறந்து சிசிலித் தீவின் மெசினா நகருக்குச் சென்றார். ஒருநாள் குடும்பத்தினர் சர்க்கஸ் பார்க்கச் சென்றிருக்க, அவர் தனித்திருந்து நட்சத்திரமீனின் குடம்பிகளை நுணுக்குக்காட்டியில் அவதானித்தார். கண்ணாடிபோல் தெளிந்த அவ்வுடலினுள் ஊர்ந்து திரியும் கலங்கள், வெளியிலிருந்து நுழையும் பகையையும் எதிர்கொள்ளுமோ என்ற எண்ணம் உதித்தது. தோட்டத்து ரோஜா முட்களைப் பறித்துவந்து குடம்பிகளின் தோலினடியில் செருகினார். அன்றிரவு அவர் உறங்கவில்லை. விடிந்ததும் பார்த்தபோது முள்ளைச் சூழ்ந்து கலங்கள் மொய்த்திருந்தன. குருதிக்குழாயே இல்லாத உயிரியில் இது நிகழ்ந்தமையால், அழற்சியின் மூலம் இக்கலங்களே என அவர் துணிந்தார்.

இக்கருத்தை உலகம் இலகுவில் ஏற்கவில்லை. வெண்குருதிக் கலங்கள் கிருமிகளை உடலெங்கும் பரப்புவதாகவே பலர் நம்பினர். ஜேர்மனிய அறிஞர்களோ குருதித் திரவமே கிருமிகளை அழிக்கின்றது என வாதிட்டனர். 1888 இல் பாரிஸில் லூயி பாஸ்டர் அளித்த ஆய்வுகூடத்தில் அமர்ந்து, மெச்னிக்கோவ் பல ஆண்டுகள் தம் கொள்கைக்காக வாதாடினார். எதிரணிக் கொள்கையின் முன்னோடியான போல் ஏர்லிச்சுடன் 1908 ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இரு சாராரும் கூறியதில் உண்மையிருந்தது என்பதைக் காலம் காட்டிற்று.

அவர் மக்ரோபேஜ் எனப் பெயரிட்ட பெருந்தின்குழியங்களின் பணி, அவர் கண்டதிலும் விரிந்தது என்பதை இன்று நாம் அறிவோம். காயத்தில் அவை முதலில் கிருமிகளை விழுங்கி அழற்சியைத் தூண்டுகின்றன. பின்னர் இறந்த கலங்களை அகற்றிவிட்டு இயல்பு மாறி, அழற்சியைத் தணித்து, புதிய குருதிக்குழாய்களும் இழையங்களும் வளர்வதற்குச் சமிக்ஞை அனுப்புகின்றன. இழந்த காலை மீள வளர்க்கவல்ல அக்சலோட்டில் என்னும் நீர்வாழ் உயிரியில் இக்கலங்களை அகற்றியபோது, கால் வளராமல் வடுவே எஞ்சியது என 2013 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நீரிழிவு நோயாளரின் புண் ஆறாது நீடிப்பதற்கு, இம்மாற்றம் உரிய வேளையில் நிகழாமையும் ஒரு காரணமாகும். லுத்மிலாவைப் பலிகொண்ட காசநோய்க் கிருமியோ, தன்னை விழுங்கும் இக்கலத்தினுள்ளேயே ஒளிந்து வாழவல்லது.

மெச்னிக்கோவ் எல்லாவற்றிலும் சரியாகவே கணித்தார் என்பதற்கில்லை. புளித்த பால் முதுமையைத் தள்ளிப்போடும் என்று நம்பித் தாமும் நாளாந்தம் அருந்தினார்; அந்நம்பிக்கை அவர் எதிர்பார்த்தவாறு நிரூபணமாகவில்லை. 1916 இல் இருதய நோயால் காலமானார். அவரது அஸ்தி பாஸ்டர் நிறுவக நூலகத்தில் வைக்கப்பட்டது.

நீரிழிவு பெருகிவரும் எமது சமூகத்தில், சிறு புண்ணால் காலையே இழப்போரை நாம் காண்கின்றோம். ஆறாத புண் என்பது, உடலின் காவலர் தம் பணியை முடிக்க இயலாது திணறுவதன் அறிகுறியாகும். அதனை அலட்சியம் செய்யாது காலத்தோடு வைத்தியரை நாடுவதே அறிவுடைமை. அவ்வாறே, இருமுறை வாழ்வை வெறுத்த ஒருவர் பின்னர் மனித குலத்துக்கு ஆற்றிய தொண்டு, துயரத்தின் உச்சத்தில் எடுக்கும் முடிவு இறுதி முடிவாகிவிடலாகாது என்பதையும் எமக்கு உணர்த்துகின்றது.