நகத்தில் பூசிப் பார்த்த மனிதர்

கடையில் நெயில் பாலிஷ் வாங்கும்போது நீங்க முதலில் என்ன செய்வீங்க? மூடியைத் திறந்து, கட்டை விரல் நகத்தில் ஒரு கோடு இழுத்து, ஊதிக் காயவைத்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பீங்க. பிடிக்கலைன்னா அடுத்த பாட்டில், அடுத்த விரல். கடையை விட்டு வெளியே வரும்போது ஐந்து விரலில் ஐந்து கலர் இருக்கும்.

1930-களில் நியூயார்க்கில் ஒருத்தர் இதையே வேலையாகச் செய்துகொண்டிருந்தார். கோட், டை போட்ட ஆம்பளை. கையில் சாம்பிள் பெட்டி, நகத்தில் சிவப்பு பாலிஷ். பியூட்டி பார்லர் பார்லராக ஏறி இறங்கி, தன் விரலையே நீட்டிக் காட்டி விற்றார். பெயர் சார்லஸ் ரெவ்சன். உங்க அலமாரியில் ரெவ்லான் பாட்டில் ஏதாவது இருந்தால், அதில் இருப்பது பெரும்பாலும் அவர் பெயர்தான். "பெரும்பாலும்" என்று ஏன் சொல்கிறேன் என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

ரெவ்சன் 1906 அக்டோபர் 11 அன்று பிறந்தார். பெற்றோர் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த யூதர்கள். அப்பாவுக்கு நியூ ஹாம்ப்ஷயரில் மான்செஸ்டர் என்ற ஊரில் சுருட்டு உருட்டும் வேலை. ஜோசப், சார்லஸ், மார்ட்டின் என்று மூன்று பையன்கள். சார்லஸ் 1923-ல் பள்ளி முடித்தார். அதோடு படிப்பு முடிந்தது. கெமிஸ்ட்ரியும் இல்லை, காலேஜும் இல்லை. நேராக நியூயார்க் போய் ஒரு துணிக் கம்பெனியில் சேர்ந்தார்.

முதலில் விற்பனை, பிறகு துணி கொள்முதல். அங்கேதான் அவருக்குக் கண் பழகியது. கருப்புத் துணி என்றால் நமக்கு ஒரே கருப்புதான். அவருக்கு ஒவ்வொரு கருப்பும் வேறு வேறு. இந்தக் கண்தான் பின்னாளில் அவருடைய ஒரே மூலதனம்.

1929-ல் பங்குச்சந்தை சரிந்தது. அடுத்த சில வருடங்களில் அமெரிக்காவில் வேலைக்குப் போகிற வயதில் இருந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்தக் காலத்தில், 1931-ல், எல்கா என்ற சின்ன நெயில் பாலிஷ் கம்பெனியில் விற்பனையாளராகச் சேர்ந்தார். நன்றாகவே விற்றார். நாடு முழுக்க விற்கும் உரிமையைக் கேட்டார். தர மாட்டோம் என்றார்கள். வெளியே வந்துவிட்டார்.

1932 மார்ச் 1 அன்று அண்ணன் ஜோசப்போடும், சார்லஸ் லாக்மன் என்பவரோடும் சேர்ந்து சொந்தக் கம்பெனி தொடங்கினார். போட்ட பணம் 300 டாலர். லாக்மன் கெமிக்கல் தொழிலில் தொடர்பு உள்ளவர். பாட்டிலுக்குள் இருக்கும் சரக்கு அவர் பக்கத்திலிருந்து வந்தது. அதை வெளியே கொண்டுபோய் விற்பது ரெவ்சன் வேலை.

அந்தச் சரக்கில் அப்படி என்ன விசேஷம்? கொஞ்சம் லேப் பக்கம் போவோம், ரெண்டே பத்தி, பயப்பட வேண்டாம்.

நெயில் பாலிஷின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சு மாதிரியான செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்துச் செய்வது. இதே குடும்பத்துச் சரக்கு துப்பாக்கி மருந்திலும் உண்டு. 1920-களில் கார் பெயின்ட்டுக்கும் இதுதான் வந்தது. நாள்கணக்கில் காய்ந்துகொண்டிருந்த கார்கள் மணிக்கணக்கில் காய ஆரம்பித்தன. இதை எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற திரவங்களில் கரைத்து வைத்தால் பாலிஷ். நகத்தில் பூசியதும் திரவம் ஆவியாகிப் போகும், படலம் மட்டும் நிற்கும். பெரிய கெமிக்கல் ரியாக்‌ஷன் எதுவும் கிடையாது. அதனால்தான் ரிமூவர் வைத்துத் துடைத்தால் மறுபடி கரைந்து வந்துவிடுகிறது.

அதுவரை வந்த பாலிஷ்களில் நிறையவற்றில் நிறம் கொடுத்தது டை, அதாவது கரைகிற சாயம். கரைந்த சாயத்துக்குள் வெளிச்சம் புகுந்து போய்விடும். கண்ணாடிக் காகிதம் ஒட்டின மாதிரி நகம் அப்படியே தெரியும், சில சமயம் கறையும் பிடிக்கும். ரெவ்லான் விற்றது பிக்மென்ட் போட்ட பாலிஷ். பிக்மென்ட் கரையாது, நுண்ணிய துகளாக மிதக்கும். இன்றைக்கு அதிகம் பயன்படும் வெள்ளை பிக்மென்ட் டைட்டானியம் டை ஆக்ஸைடு. அதன் ஒளிவிலகல் எண் 2.5-க்கு மேல், சுற்றியுள்ள படலத்துக்குச் சுமார் 1.5. இந்த வித்தியாசத்தால் ஒளி சிதறித் திரும்பி வரும், அடியில் இருக்கும் நகம் மறையும். துகள் அடியில் படிந்துவிடும் என்பதால்தான் பாட்டிலை ஆட்டச் சொல்கிறார்கள். சில பாட்டில்களை ஆட்டும்போது கேட்கும் கடகட சத்தம் உள்ளே இருக்கும் உலோக உருண்டையோடது.

நல்ல சரக்கு கையில் இருந்தது. ஆனால் பஞ்ச காலத்தில் நெயில் பாலிஷ் யார் வாங்குவார்கள்? இந்தக் கேள்விக்குத்தான் ரெவ்சன் பதில் கண்டுபிடித்தார். தலைமுடியைச் சுருட்டிவிடும் மெஷின் அப்போது பெரிய மோகம். அதற்காகப் பெண்கள் பார்லரில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரம் முழுக்கக் கை சும்மாதான் இருக்கும். பார்லரில் நகம் பூசிவிடும் பெண்களிடம் போய், தன் நகத்தைக் காட்டி, பாட்டிலை விற்றார். கம்பெனி பெரிதான பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. புது ஷேடு வந்தால் தானே பூசிப் பார்ப்பார்.

1937-ல் ரெவ்லான் பெரிய கடைகளுக்கும் மருந்துக்கடைகளுக்கும் வந்தது. அமெரிக்க மருந்துக்கடை என்றால் மாத்திரை மட்டும் இல்லை. சோப்பு, சீப்பு, பத்திரிகை, ஐஸ்கிரீம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் கிடைக்கும். ஊருக்கு ஊர் உண்டு, எல்லோரும் போவார்கள். இங்கே ரெவ்சன் ஒரு தந்திரம் செய்தார். பத்து சென்ட் கடைகளில் இருந்த பாலிஷோடு விலையில் போட்டி போடவில்லை. அதைவிட அதிகமாகவே வைத்தார். ஆனால் ஒரு டைப்பிஸ்ட் தன் சம்பளத்தில் யோசிக்காமல் எடுக்கக்கூடிய அளவுக்குள் வைத்தார். புது கவுன் வாங்க முடியாத பெண்ணுக்கு, பத்திரிகையில் பார்த்த பணக்காரியின் நகத்தில் இருக்கும் அதே கலர் கிடைத்தது.

அடுத்தது பெயர். லைட் ரெட், டார்க் ரெட் என்று இருந்த இடத்தில் அவருடைய கம்பெனி ஒவ்வொரு ஷேடுக்கும் ஒரு கதை மாதிரி பெயர் வைத்தது. சீசனுக்கு ஒரு புது ஷேடு இறக்கியது. பாட்டில் பாதி இருக்கும்போதே போன சீசன் கலர் பழசாகிவிடும். கார் கம்பெனிகள் வருடா வருடம் புது மாடல் இறக்கிச் செய்ததை இவர் சின்ன பாட்டிலில் செய்தார். 1940 வாக்கில் லிப்ஸ்டிக்கும் வந்தது. உதடும் விரலும் ஒரே கலரில் இருக்கணும் என்று விளம்பரம் சொன்னது. அதாவது, இனி ஒன்று வாங்கினால் போதாது, ரெண்டு!

1952-ல் வந்த 'ஃபயர் அண்ட் ஐஸ்' சிவப்பு இதன் உச்சம். ரிச்சர்ட் அவெடன் எடுத்த படம், வெள்ளி மினுக்கும் உடையில் டோரியன் லீ என்ற மாடல். எதிர்ப் பக்கத்தில் படிப்பவரையே நோக்கிக் குறும்பான 15 கேள்விகள். இந்தப் பெயரில் அந்த ஷேடு இன்றும் விற்கிறது.

இதுவரை படித்தால் நல்ல ஸ்டார்ட்-அப் கதை. இங்கே நிறுத்திவிட்டால் நான் உங்களுக்குப் பாதிக் கதைதான் சொன்னதாக ஆகும்.

ஹேஸல் பிஷப் என்று ஒருவர். ரெவ்சன் பிறந்த அதே 1906-ல் பிறந்தவர். நிஜமான கெமிஸ்ட். டாக்டராக நினைத்தார், பஞ்ச காலம் விடவில்லை. போர்க்காலத்தில் விமான எரிபொருள் ஆராய்ச்சியில் இருந்தார். வேலை முடிந்து வந்து, வீட்டுச் சமையலறையிலேயே 309 முறை சோதனை செய்து, கப்பிலும் சட்டைக் காலரிலும் ஒட்டாத லிப்ஸ்டிக் செய்தார். 1950-ல் ஒரு டாலர் விலையில் வந்தது, முதல் நாளே கடையில் தீர்ந்துபோனது. ரெவ்சன் சும்மா இருப்பாரா? அழியாத லிப்ஸ்டிக் என்று ரெவ்லானும் ஒன்றை இறக்க, பல வருடம் விளம்பரச் சண்டை நடந்தது. பிஷப்பை வீழ்த்தியது ரெவ்சன் இல்லை என்பதையும் சொல்லணும். அவர் கம்பெனியின் விளம்பரத்தைக் கவனித்தவரிடமே பெரும்பான்மைப் பங்கு போய்ச் சேர்ந்தது. 1951-ல் பிஷப் வெளியே வந்தார். வழக்கு 1954-ல் சமரசத்தில் முடிந்தபோது, தன் சொந்தப் பெயரில் அழகுப் பொருள் விற்கும் உரிமையே அவருக்கு இல்லாமல் போனது. 309 சோதனை செய்தவர், அடுத்த லிப்ஸ்டிக்கில் தன் பெயரைப் போட முடியாது!

டிவி வந்தது. 1955-ல் தொடங்கிய 64,000 டாலர் கேள்வி நிகழ்ச்சிக்கு ரெவ்லான் ஸ்பான்சர். அமெரிக்காவே அந்த நேரத்தில் டிவி முன்னால் உட்கார்ந்தது. ஒரே வருடத்தில் ரெவ்லான் விற்பனை பாதி அளவுக்கு மேல் கூடியது. பிறகு இதுபோன்ற வினாடி வினா நிகழ்ச்சிகள் பலவற்றில் ஏமாற்று நடந்தது தெரிய வந்தது. 1959-ல் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. எந்தப் போட்டியாளர் நீடிக்கணும், யார் போகணும் என்று ஸ்பான்சர் தரப்பு வாராந்திரக் கூட்டத்தில் சொல்லும் என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர்கள் சாட்சி சொன்னார்கள். ரெவ்சன் தனக்கு ஏமாற்று பற்றித் தெரியாது என்றார். தண்டனை எதுவும் இல்லை. விற்பனையும் குறையவில்லை.

அவரிடம் வேலை பார்ப்பது சாதாரண விஷயம் இல்லை. எல்லோர் முன்னாலும் திட்டுவார், நடுராத்திரி போன் செய்வார். அதிகாரிகள் வருவதும் போவதுமாகவே இருந்தார்கள். சொந்த அண்ணன் ஜோசப் 1955-ல் பங்கை விற்றுவிட்டு விலகினார். தம்பி மார்ட்டின் 1958-ல் விலகி, கோர்ட்டுக்குப் போனார். பல வருடங்கள் அண்ணன் தம்பி பேசிக்கொள்ளவே இல்லை. 300 டாலரில் கூட இருந்த குடும்பம், கோடிகள் வந்தபோது கூட இல்லை.

1973-ல் 'சார்லி' என்ற சென்ட் வந்தது, அவர் பெயரிலேயே. விளம்பரத்தில் பேன்ட் போட்ட பெண் தனியாக, வேகமாக, தன் பாட்டுக்கு நடந்து போவாள். யாரையும் மயக்க அவள் அதைப் பூசவில்லை. வேலைக்குப் போய் தன் காசில் தனக்கு வாங்கிக்கொள்ளும் பெண்களுக்கு அது உடனே பிடித்துப்போனது. அதுதான் அவருடைய கடைசிப் பெரிய வெற்றி. கணையப் புற்றுநோயால் 1975 ஆகஸ்ட் 24 அன்று இறந்தார். வயது 68. கம்பெனியின் வருட விற்பனை அப்போது 60 கோடி டாலருக்குப் பக்கம். பத்து வருடம் கழித்து, 1985-ல், கம்பெனி வேறு கைக்குப் போனது. 2022-ல் கடன் தாங்காமல் திவால் பாதுகாப்பு கேட்டு, மறு வருடம் மீண்டு வந்தது.

இனி அந்த "பெரும்பாலும்". ரெவ்சன் பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்க. நடுவில் எஸ் வரும். அதை எடுத்துவிட்டு எல் போட்டால் ரெவ்லான். அந்த எல், லாக்மனுடையது. சரக்குக்கு வழி செய்த ஆளுக்குக் கிடைத்த இடம் ஒரே ஓர் எழுத்து. அண்ணன் ஜோசப்புக்குத் தனியாக அதுவும் இல்லை.

நாம் நாலு வருடமாகப் பாட்டிலுக்குள் என்ன போடணும் என்று படித்திருக்கிறோம். ப்ராஜெக்ட் ஓடினால் போதும், உலகம் வந்து வாங்கிக்கொள்ளும் என்று நம்மில் பல பேருக்கு ஒரு நினைப்பு. ரெவ்சன் கதை அதை உடைக்கிறது. தான் செய்த பொருளைத் தன் விரலில் பூசி, வாங்குகிறவர் கண்ணால் பார்க்கத் தெரியணும். நம்மில் எத்தனை பேர் நாம் செய்த ஆப்பை நாமே ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்திருக்கிறோம்? அந்தப் பழக்கத்தை அவரிடமிருந்து தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். கூட நின்றவர்களை நடத்திய விதத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

அடுத்த முறை கடையில் கட்டை விரல் நகத்தில் கோடு இழுக்கும்போது, பாட்டிலைத் திருப்பி லேபிளையும் படிச்சுப் பாருங்க. முதல் சில பெயர்களுக்குள் நைட்ரோசெல்லுலோஸ் இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியே இந்த செமஸ்டர் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்க. ராத்திரி முழுக்க லேபில் உட்கார்ந்த உங்க டீம்மேட்டின் பெயர், முழுசாக இருக்கா?